வெற்றிலைக்காக நான் பேசிய பதினைந்து நிமிடம்

தொலைக்காட்சியில் நான் பேசியது மொத்தமே பதினைந்து நிமிடம். அதில் பன்னிரண்டு நிமிடம் நான் பேசியதைப் போல மதுரையில் இதுவரை எவனும் பேசியதில்லை, இனிமேலும் பேசப்போவதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. மிச்சம் இருக்கிற மூன்று நிமிடத்தைச் சொல்வதற்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் ஊர் பார்த்தது அந்த மூன்று நிமிடத்தைத்தான் என்பதால், என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன். (தப்புச் செய்ததும் அதே வாய்தான்.)

நான் மூன்றாம் வகுப்பு. முடித்தது அல்ல, போய்க்கொண்டிருந்தது. பாதியிலேயே நிறுத்திவிட்டு, சோழவந்தானில் வெற்றிலைத் தோட்டங்களில் கூடை சுமக்கப் போனேன். எங்கள் பக்கம் அந்தத் தோட்டத்துக்குக் கொடிக்கால் என்று பேர். அடுத்தவர் கொடிக்கால் இலையைத் தலையில் சுமந்து மதுரைக்குள் வந்தவன், இன்றைக்குச் சிம்மக்கல் பக்கம் சொந்தக் கட்டடத்தில் வெற்றிலை மண்டி வைத்திருக்கிறேன். கீழே மண்டி, மேலே வீடு. என் கண்ணைக் கட்டிவிட்டு ஓர் இலையைக் கையில் கொடுங்கள். எந்தத் தோட்டம், கிள்ளி எத்தனை நாள், கிள்ளியது ஆணா பெண்ணா என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன். (ஆணா பெண்ணா என்பது கொஞ்சம் கூடுதல். மற்றதெல்லாம் சத்தியம்.)

கொரோனா வந்த அந்த வருடம் முதலில் நாடு முழுக்கப் பூட்டினார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார்கள். அப்பாடா என்று உட்கார்ந்த நேரத்தில், பல ஊர்கள் திறந்து கிடக்க மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். தொற்று இங்கே கூடிவிட்டதாம். பால் வரலாம், மருந்து வரலாம், காய்கறி வரலாம். வெற்றிலை அந்தப் பட்டியலில் இல்லை.

என் மனைவி பஞ்சவர்ணத்தின் தம்பி தவமணிக்குச் சோழவந்தானில் கொடிக்கால் இருக்கிறது. அவன் இலைதான் என் மண்டிக்கு வரும். ஊரடங்கு போட்ட நாலாம் நாள் போன் செய்தான்.

"மாமா, இலை முத்திக்கிட்டு வருது மாமா. இன்னும் ஒரு வாரம் கிள்ளாம விட்டா மாடுகூட மோந்து பாக்காது. கிள்ளுற பன்னெண்டு குடும்பமும் என் மொகத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்துருக்கு."

"கிள்ளி வண்டில ஏத்து மாப்ள. மத்தத நான் பாத்துக்குறேன்."

"ஏத்திருவேன். கோச்சடை செக்போஸ்ட்டுல யாரு பாத்துக்குறது?"

அதற்கும் ஒரு யோசனை வைத்திருந்தேன். கொடிக்காலில் வெற்றிலைக் கொடி படர்வதற்கு அகத்தி மரம் வளர்ப்பார்கள். அந்த அகத்திக் கீரையை வெட்டி வெற்றிலை மேல் பரப்பிவிட்டால் கீரை வண்டி ஆகிவிடும். கீரைக்குத்தான் அனுமதி உண்டே. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

செக்போஸ்டில் நின்ற ஏட்டையா சோழவந்தான்காரர். தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தவமணியிடம் கேட்டாராம்:

"ஏம்ப்பா, மேல அகத்தி இருந்தா கீழ வெத்தலை இருக்கும்னு எங்க ஊர்ல பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு முருங்கைக் கீரையப் போட்டுருக்கக் கூடாதா? இந்த யோசனைய எவன் குடுத்தது?"

"எங்க அக்கா வீட்டுக்காரரு."

"அவருகிட்ட இனிமே யோசனை கேக்காத."

வண்டி திரும்பிப் போனது. வண்டி நிறைய இலை குப்பைக்குப் போனது. இதையெல்லாம் அன்று தவமணிதான் போனில் சொன்னான். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்போது ஊரில் டீக்கடை கிடையாது. அதற்காக மதுரைக்காரன் பேசாமல் இருப்பானா? விவாதம் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. சாயங்காலம் ஆனால் மாடிக்கு மாடி சண்டை. அரசாங்கம் முதலிலேயே பூட்டியிருக்க வேண்டும் என்று ஒரு மாடி, பூட்டியதே தப்பு என்று ஒரு மாடி, பூட்டியது சரி ஆனால் சோற்றுக்கு வழி சொல்லிவிட்டுப் பூட்டியிருக்க வேண்டும் என்று இன்னொரு மாடி. நான் அன்றன்றைக்கு எந்த மாடியில் ஆள் குறைவோ அந்தப் பக்கம் பேசினேன்.

இதைப் பார்த்து எங்கள் ஊர் கேபிள் சேனல் ஒன்று, தினமும் காலை பதினொரு மணிக்கு ஊரடங்கைப் பற்றி நேரலை விவாதம் வைத்தது. அதிகாரிகளும் பார்ப்பதாகப் பேச்சு. என் மகன் செல்வத்தோடு படித்த பையன் அங்கே வேலை பார்க்கிறான். வியாபாரிகள் தரப்பில் ஒருவர் வேண்டும் என்று அவன் கேட்க, செல்வம் (கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தான்) என்னைக் கேட்டான்.

"யப்பா, போன்லயே வீடியோவுல பேசுறது. உங்களால முடியுமா?"

என்னிடம் கேட்கிற கேள்வியா அது? தவமணியின் இலைக்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்றால் இதை விட்டால் வேறு இடம் இல்லை என்று எனக்குப் பட்டது. வாரத்தில் இரண்டு நாள் போய்விட்டது, இன்னும் ஐந்து நாள்தான் இலை தாங்கும். உடனே தவமணியைக் கூப்பிட்டு, "நாளைக்கு டிவியில கேளு மாப்ள. வண்டிக்கு டீசல் மட்டும் போட்டு வை" என்றேன்.

மறுநாள் காலை பஞ்சவர்ணம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஏங்க, வாயில வெத்தலை இல்லாம பேசணும்."

"பெட்ரோல் ஊத்தாம வண்டிய ஓட்டச் சொல்ற."

"ஊரே பாக்கும். காவு வாங்குன மாதிரி செவந்த வாயோட ஒக்காந்துருப்பீகளா?"

பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். பத்து மணிக்கு ஒரு முறை போட்டுக்கொள்ளலாம். பத்தரைக்கு வாய் கொப்பளித்துவிட வேண்டும். அப்படியே செய்தேன். ஆனால் பத்தே முக்காலுக்குச் செல்வம் ஸ்டூல் எடுக்கக் கீழே போன நேரத்தில், ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்த கடைசிக் கட்டிலிருந்து இரண்டு இலையை எடுத்து அவசரமாகச் சுண்ணாம்பு தடவி உள்ளே தள்ளிவிட்டேன். (பதற்றத்தில் பாக்கு கொஞ்சம் கூடிவிட்டது.)

கீழே மண்டியில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. அதனால் மாடியில் முன்னறைச் சன்னலை ஒட்டி நாற்காலி போட்டு, எதிரே ஸ்டூலில் ஒரு சொம்பை வைத்து, அதில் போனைச் சாய்த்து வைத்தான் செல்வம். நான் வெள்ளைச் சட்டை போட்டு, வியாபாரிகள் சங்கத்தில் போர்த்திய சரிகைத் துண்டைத் தோளில் போட்டு, குங்குமம் வைத்து உட்கார்ந்தேன். போன் திரையில் என்னைப் பார்த்தபோது எனக்கே மரியாதை வந்தது.

விவாதத்தில் என்னோடு இரண்டு பேர். ஒருவர் ஓய்வு பெற்ற அரசு மருத்துவர். இன்னொருவர் நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கும் பொருளாதாரப் பேராசிரியர். நடத்தியது ஒரு சின்னப் பெண். மருத்துவர், ஊரடங்கு சரி, இன்னும் இறுக்க வேண்டும் என்றார். பேராசிரியர், நிவாரணம் இல்லாத ஊரடங்கு ஏழைகள் தலையில்தான் விடியும் என்றார். இரண்டு பேரும் நடுநடுவே இங்கிலீஷில் மோதிக்கொண்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். (வேறு வழியில்லை, வாயில் அவ்வளவு இருந்தது.)

என் முறை வந்தது.

"அம்மா, நான் மூணாப்பு. சார் ரெண்டு பேரும் பேசுன இங்கிலீசு எனக்கு ஒன்னும் வெளங்கல. ஊரைப் பூட்டுனது சரியா தப்பாண்டு அவுக முடிவு பண்ணட்டும். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். கல்யாணத்துக்கு அம்பது பேருக்கு அனுமதி இருக்கா இல்லையா?"

"இருக்கிறது" என்றார் மருத்துவர்.

"நிச்சயதார்த்தம்?"

"வீட்டுக்குள்ளேயே அளவாக நடத்திக்கொள்ளலாம்."

"எத மாத்தி நிச்சயம் பண்றது சார்? வெத்தலை பாக்கு மாத்தாம எந்த ஊர்ல பொண்ணு குடுக்குறாக? முட்டைக்கோசு இலைய மாத்தச் சொல்றீகளா? கோசுக்குத்தான் அனுமதி இருக்கு."

நெறியாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பேராசிரியர் கைதட்டினார். எனக்கு உடம்பெல்லாம் சூடு ஏறிவிட்டது.

"தாலிக்குத் தங்கம் பீரோவுல கெடக்கும். வெத்தலையப் பீரோவுல வச்சு எடுக்க முடியுமா? நாங்க ஊரைத் தொறந்துவிடச் சொல்லல. சோழவந்தான்ல இருந்து நாலே நாலு வண்டி. விடியக்காலம் வந்து எறக்கிட்டு ஏழு மணிக்குள்ள போயிரும். கூட்டம் சேராது. பன்னெண்டு குடும்பம் அங்க ஒல வைக்காம கெடக்கு சார். கல்யாணத்துக்கு அனுமதி குடுத்த கையி, வெத்தலைக்கும் ஒரு சீட்டுக் குடுக்கக் கூடாதா?"

கதவோரம் நின்ற பஞ்சவர்ணம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முப்பத்தைந்து வருடக் குடும்பத்தில் என் பேச்சைக் கேட்டு அவள் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை. (கடைசித் தடவையும்.)

மருத்துவர் சும்மா இருக்கவில்லை. "ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வெற்றிலை போடுகிறவர்கள் கண்ட இடத்தில் துப்புவார்கள். இந்த நோய் எச்சிலில் பரவுகிறது. அதற்கு என்ன பதில்?"

நல்ல கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில் இது:

"டாக்டர் சார், துப்புறவன் இலையோட தரம் தெரியாதவன். அம்பது வருசமா நான் வெத்தலை போடுறேன். என் வாயில இருந்து ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு தெருவுல விழுந்துச்சுண்டு மதுரையில ஒருத்தர் வந்து சொல்லட்டும். இந்த மண்டிய இன்னைக்கே மூடிப்புட்டுப் போறேன்."

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். கீழே மண்டியில் என் நாற்காலிக்கு இடது பக்கம் ஒரு பித்தளைப் பணிக்கம் இருக்கும். துப்புவதற்கென்றே வைத்தது. பேசிக்கொண்டே அந்தப் பக்கம் லேசாகச் சாய்வேன், காரியம் முடிந்துவிடும், பேச்சு விட்ட இடத்திலிருந்து ஓடும். திரும்பிப் பார்க்க மாட்டேன். இத்தனை வருடப் பழக்கத்தில் அது கண் இமைப்பது மாதிரி. மாடியில் அன்றைக்கு என் இடது பக்கம் பணிக்கம் இல்லை. திறந்த சன்னல் இருந்தது.

"போறேன்" என்று சொன்ன கையோடு சாய்ந்தேன்.

பணிக்கத்தில் விழுந்தால் ஒரு சத்தம் வரும். அது வரவில்லை. அதற்குப் பதிலாகக் கீழே தெருவிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"எந்த மனுசன்யா அது மேல இருந்து?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது பஞ்சவர்ணம் தலையில் கை வைத்திருந்தாள். செல்வம் எட்டிப் பார்த்துவிட்டு, "யப்பா, ஹெல்த் இன்ஸ்பெக்டர்" என்று கிசுகிசுத்தான். வீட்டுக்கு வீடு காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்த மாநகராட்சிக் குழு, அந்த நேரம் பார்த்து எங்கள் வாசலில் நின்றிருக்கிறது.

"ஐயா, அங்கே என்ன சத்தம்?" என்று கேட்டது நெறியாளர் பெண்.

"ஒன்னுமில்லம்மா. பக்கத்து வீடு" என்றேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் படி இல்லை.

போன் திரையில் என் முகத்துக்குப் பின்னால் ஓர் உருவம் வந்து நின்றதை நானே பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை வெள்ளைக் கவச உடை, முகத்தில் கண்ணாடித் தகடு. வலது தோளிலிருந்து வயிறு வரைக்கும், திருவிழாவில் முறைமாமன் மேல் மஞ்சத்தண்ணி ஊற்றினாற்போல, ஆனால் சிவப்பாக.

"பெரியவரே, இது என்ன?"

அந்த நேரத்தில் மூன்றாம் வகுப்பு மூளைக்கு என்ன தோன்றும்? அரசாங்கமே வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டிருந்த மருந்துதான் தோன்றியது.

"கபசுரக் குடிநீரும்மா. கொப்பளிச்சேன்."

"கபசுரக் குடிநீர் எப்பய்யா செவப்பாச்சு? சுண்ணாம்பு போட்டுக் காச்சுனீகளா?"

பேராசிரியர் சிரித்த சிரிப்பில் அவர் போன் சரிந்து, அதற்குப் பிறகு அவர் வீட்டு மின்விசிறி மட்டும்தான் தெரிந்தது. மருத்துவர் சிரிக்கவில்லை. நிதானமாக, "அம்மா, உங்கள் மேல் எச்சில் பட்டிருக்கிறது. உடனே உடையை மாற்றுங்கள். அந்த வீட்டில் எல்லோருக்கும் சோதனை எடுத்துவிடுங்கள். நான் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது" என்றார்.

செல்வம் பாய்ந்து போனை அணைக்கப் போய்ச் சொம்பைத் தட்டிவிட்டான். சொம்பு உருண்டது. போன் தரையில் விழுந்து, என் காலையும் அந்த அம்மாவின் காலையும் கொஞ்ச நேரம் ஊருக்குக் காட்டிவிட்டு ஓய்ந்தது.

அபராதம் எழுதினார்கள். மூன்று பேர் மூக்கிலும் குச்சி விட்டு எடுத்தார்கள். கதவில் தாள் ஒட்டினார்கள். பதினான்கு நாள் யாரும் உள்ளே வரக் கூடாது, வெளியே போகக் கூடாது. மண்டிக்கும் பூட்டு.

சாயங்காலம் தவமணி போன் செய்தான். திட்டுவான் என்று நினைத்தேன். "வண்டிக்கு டீசல் போட்டேன் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

சோதனை முடிவு வரும்வரை நான் தூங்கவில்லை. என்னைப் பற்றிப் பயமில்லை. அந்த அம்மாவுக்குக் கைக்குழந்தை இருக்கிறதாம், பஞ்சவர்ணம் விசாரித்து வைத்திருந்தாள். எனக்கு இருந்து, என்னால் அந்த வீட்டுக்குப் போயிருந்தால்? இரண்டாம் நாள் எங்கள் மூன்று பேருக்கும் இல்லை என்று சொன்னபோதுதான் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

இதற்கிடையில் எவனோ ஒரு புண்ணியவான், என் பேச்சை வெட்டி, சாய்வதையும் வெள்ளை உடுப்பு வருவதையும் மட்டும் வைத்து, பின்னால் மேளம் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். சிங்கப்பூரில் இருக்கிற சொந்தக்காரன், பத்து வருடமாகப் பேசாதவன், கூப்பிட்டுச் சிரித்துவிட்டு வைத்தான். ஆனால் பாருங்கள், அந்த வெட்டிய துண்டு வீடியோவைப் பார்த்தவர்கள் முழுசையும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் எதிர் மாடியில் ஒருவர், "கல்யாணத்துக்கு அனுமதி உண்டு, வெத்தலைக்குக் கெடையாதுன்னா கோசு இலையவா மாத்துறது?" என்று தன் சொந்தச் சரக்கு மாதிரி கத்திக்கொண்டிருந்தார். அடுத்த மாடியில் அதற்கு விசில்.

நாலாம் நாள் அனுமதி வந்தது. வெற்றிலை வண்டிகள் சீட்டோடு விடியற்காலையில் வந்து, ஏழு மணிக்குள் இறக்கிவிட்டுப் போகலாம். கீழே ஒரு வரி: பொது இடத்தில் துப்பினால் கடும் நடவடிக்கை. அந்த வரிக்குக் காரணம் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. (நான் பேசியதால் வந்ததா, துப்பியதால் வந்ததா என்று வீட்டில் இன்றும் வழக்கு நடக்கிறது. துப்பாமல் இருந்திருந்தால் அந்த விவாதத்தை நாலு பேர் பார்த்திருப்பார்களா என்பது என் வாதம்.)

மறுநாள் வண்டிகள் வந்தன. என் மண்டிக்கு இல்லை, அதுதான் பூட்டிக் கிடக்கிறதே. எதிர் மண்டிக்கு. இலை வாசம் என் சன்னல் வரைக்கும் ஏறி வந்தது. கடைசிக் கட்டு தீர்ந்து மூன்று நாளாகி வாய் காய்ந்து கிடந்தேன். கீழே தவமணி நின்றான்.

"மாமா, அம்புட்டும் எறக்கியாச்சு. நாளைக்கு இன்னும் ஒரு வண்டி கேக்குறாக. கிள்ளுறவுகள வரச் சொல்லிட்டேன்."

"சந்தோசம் மாப்ள. எனக்கு ஒரு கட்டு மேல எறி."

"எறியுறேன். மொதல்ல சன்னலை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்றவன், துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டான்.

கட்டு வந்து விழுந்தது. பஞ்சவர்ணம் எடுத்துக்கொண்டாள். கதவில் ஒட்டிய தாளைக் கிழிக்கிற வரைக்கும் ஓர் இலை கிடையாது என்றாள். ஊருக்கே வெற்றிலை வாங்கிக் கொடுத்தவன், மிச்ச நாட்களுக்குக் கொட்டைப்பாக்கை வெறுமனே கடித்துக்கொண்டிருந்தேன்.

தாளைக் கிழிக்க அதே இன்ஸ்பெக்டர் அம்மாதான் வந்தார். படியிலேயே கும்பிட்டேன்.

"தப்பு எம்மேலதாம்மா. பொய் வேற சொன்னேன்."

"விடுங்க பெரியவரே. அந்த உடுப்புக்குள்ள காலையில நொழைஞ்சா சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிக்க முடியாது, ஒன்னுக்குப் போக முடியாது. அன்னைக்கு உங்க புண்ணியத்துல பதினொன்னரை மணிக்கே கழட்டுனேன்."

பன்னிரண்டு நிமிடம் அரசாங்கம் அரசாங்கம் என்று பேசினேன். அரசாங்கம் என் சன்னலுக்குக் கீழே வெயிலில் வெந்துகொண்டு நின்றது எனக்குத் தெரியவில்லை. ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். எட்ட நின்று குடித்தார்.

எல்லாம் திறந்த பிறகு செல்வத்துக்குப் பசுமலையில் பெண் பார்த்தோம். பெண்ணின் அப்பா என்னையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏதோ பிடிபட்டது போல அவர் மீசை துடித்தது. பெரிய மனுசர், அடக்கிக்கொண்டார். பேச்சு முடிந்து எழுந்திருக்கும்போது கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்:

"சம்பந்தி, எல்லாம் உங்க இஷ்டம். நிச்சயத்துக்கு மாடியில ஏசி மண்டபம் ஒன்னு பாத்து வச்சிருந்தோம். ஆனா எங்க வீட்டுப் பொம்பளைக, கீழ்த்தளமாப் பாத்தா தேவலைங்கிறாக."

நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சவர்ணம் முந்திக்கொண்டாள். "நல்லதாப் போச்சுண்ணே. நாங்களே எப்பிடிக் கேக்குறதுண்டு முழிச்சுக்கிட்டு இருந்தோம்."

கீழ்த்தளத்தில்தான் நடந்தது. தவமணி கொடிக்கால் இலையை வைத்துத் தட்டு மாற்றினோம். அன்றிலிருந்து கல்யாணம், வளைகாப்பு, பேரன் காதுகுத்து என்று எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுகூட மாடி ஏறியதில்லை. பத்திரிகை அடிக்கும்போது மண்டபத்தின் பெயருக்குப் பக்கத்தில் ‘தரைத்தளம்’ என்று செல்வம் தடித்த எழுத்தில் போட்டுவிடுகிறான். இதுவரை ஒருவர்கூட ஏன் என்று கேட்டதில்லை.